தசமி பிறந்ததும் நான் எடுத்தது ஸ்பேனர் அல்ல

மந்தைவெளி,
விஜயதசமி கழிந்த ஞாயிறு.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஜவஹர் அண்ணாச்சி அவர்களுக்கு, பஞ்சாட்சரம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. மேலே முதலில் 'சம்பந்தி' என்று எழுதினேன். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் அதை அடித்துவிட்டு 'அண்ணாச்சி' என்று மாற்றியிருக்கிறேன். அடித்தல் திருத்தலுக்கு மன்னிக்க வேண்டும். தாங்களும் தங்கள் துணைவியார் மீனாட்சி அம்மாளும் மகேஷ் தம்பியும் தி.நகர் ஜவுளிக்கடையும் அதில் வேலை பார்ப்பவர்களும் சௌக்கியமாக இருக்கக் கபாலீஸ்வரரை வேண்டுகிறேன். இங்கே நான், தேவானை, மகள் தாரணி மூவரும் உலர்ந்துவிட்டோம். சோபா இன்னும் உலரவில்லை.

அன்றிலிருந்து தங்கள் கைப்பேசிக்கு முயன்று பார்த்துவிட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. நேற்று தரகர் வந்து, "தட்டை நீட்டிக்கிட்டு நிக்கேன், அந்த மனுசன் ஸ்பேனரைத் தூக்கிட்டு ஓடுதாரு. அந்த வீட்ல இனி என்னத்தப் பேச?" என்று தாங்கள் சொன்னதாகச் சொன்னார். அண்ணாச்சி, தங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அது ஸ்பேனர் அல்ல, பைப் ரெஞ்ச். ஸ்பேனர் நட்டைத் திருகுவதற்கு. அதன் வாய் ஒரே அளவு. பைப் ரெஞ்சுக்குப் பல் உண்டு, வாயைக் கூட்டலாம் குறைக்கலாம், உருண்டைக் குழாயை வழுக்காமல் கவ்விக்கொள்ளும். இதைத் திருத்துவதால் என் குற்றம் குறையாது என்று தெரியும். ஆனாலும் தங்கள் கடையில் ஒருவர் வந்து வேட்டியைத் துண்டு என்றால் தாங்கள் சும்மா இருப்பீர்களா?

நடந்தது எனக்கும் தங்களுக்கும் நடுவில் நடந்ததல்ல, எனக்கும் ஒரு குழாய்க்கும் நடுவில் நடந்தது. குழாய் சம்பந்தப்பட்ட சொற்கள் புரிந்தால்தான் தாங்கள் சரியான தீர்ப்புக்கு வர முடியும். எனவே அங்கங்கே விளக்கிக்கொண்டே போகிறேன்.

கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் வீட்டுக் குழாய்களில் ஆர்வம் கொண்டேன். எங்கள் பிளம்பர் லாரன்ஸ் வேலை செய்யும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இது என்ன அது என்ன என்று கேட்டுக் கேட்டு எல்லாப் பெயரும் கற்றுக்கொண்டேன். பெயர் தெரிந்ததும் வேலையும் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்தது. ஒரு டூல்ஸ் பெட்டி வாங்கினேன். எங்கள் ஹாலில், சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் வாஷ் பேசின் இருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள், கவனிக்காமல் இருக்க முடியாது. அந்தப் பேசினுக்கு அடியில் சுவரோடு சேர்ந்து ஒரு சின்னத் திருகு இருக்கும். அதற்கு ஆங்கிள் காக் என்று பெயர். சுவருக்குள் வரும் குழாயையும் பேசினுக்குப் போகும், வளைந்து கொடுக்கும் ஹோஸ் குழாயையும் இணைப்பது அதுதான். எங்கள் ஆங்கிள் காக் சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம் கேட்டால் என்ன நினைப்பார்கள்? இதுதான் அண்ணாச்சி என் முதல் பயம். ஏனென்றால் முதல் தடவை போனில் பேசும்போதே தாங்கள் ஜாதகத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி, "அண்ணாச்சி, அங்க தண்ணிக் கஷ்டம் உண்டுமா?" என்பது. நான், "இருபத்துநாலு மணி நேரமும் கொட்டும்" என்று சொல்லியிருந்தேன்.

ஆயுத பூஜையன்று காலையில் மொட்டை மாடிக்குப் போய் எங்கள் வீட்டு கேட் வால்வை மூடினேன். கேட் வால்வு என்றால், தொட்டியிலிருந்து ஒரு வீட்டுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் பெரிய திருகு. சக்கரம் போல ஒரு கைப்பிடி, அதற்குள் ஸ்பிண்டில் என்று ஒரு தண்டு, அதன் முனையில் ஒரு தகடு. சக்கரத்தைச் சுற்றினால் தகடு இறங்கி வழியை அடைக்கும். கீழே வந்து பழைய ஆங்கிள் காக்கைக் கழற்றினேன். புதிதாக வாங்கி வைத்திருந்ததை எடுத்தால், அது முக்கால் இஞ்ச். குழாயோ அரை இஞ்ச். பூஜை நாள், ஹார்டுவேர் கடைகளை எல்லாம் மாலை போட்டுச் சாத்திவிட்டார்கள். சரி, ஒரு டம்மி போட்டுச் சமாளிப்போம் என்று முடிவு செய்தேன். டம்மி என்பது பித்தளையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மூடி. திறந்து கிடக்கும் குழாயின் வாயில் அதைத் திருகிவிட்டால் தண்ணீர் வராது. ஆனால் வெறுமனே திருகினால் போதாது. அதன் திருகு மரையில் டெஃப்லான் டேப் என்ற வெள்ளை நாடாவை ஏழெட்டுச் சுற்று சுற்றி, பைப் ரெஞ்சால் இறுக்க வேண்டும். நான் கையால் திருகிவிட்டு டேப்பைத் தேடித் திரும்பினால் டேப் இல்லை. ரெஞ்சும் இல்லை, பெட்டியும் இல்லை. எல்லாவற்றையும் தேவானை பூஜையில் வைத்துவிட்டாள்!

தையல் மிஷின், அரிவாள்மணை, தாரணியின் லேப்டாப், அதற்குப் பக்கத்தில் என் ரெஞ்ச். சந்தனம், குங்குமம், தலையில் ஒரு சாமந்திப் பூ. "ஒரு நிமிஷம் குடு, இறுக்கிட்டுத் தரேன்" என்றேன். "பூஜைல வச்சாச்சு. இனிமே தசமி பொறந்து தீபாராதனை காட்டினப்புறம்தான் எடுக்கணும்" என்றாள். தங்கள் கடையிலும் அளவுக்கோலையும் கத்தரியையும் இப்படித்தானே வைப்பீர்கள், தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வால்வுதான் மூடியிருக்கிறதே, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறோமே என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை தாங்கள் மூவரும் வந்தீர்கள். பதினொரு மணிக்கு மேல்தான் தசமி, அதுவரை நவமி, நவமியில் எதுவும் பேச வேண்டாம், தசமி பிறந்ததும் தட்டு மாற்றிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும், தீபாவளிக் கூட்டம் என்று தாங்கள் சொன்னீர்கள். நம் இரண்டு தட்டுகளும் சாப்பாட்டு மேஜையில் தயாராக இருந்தன. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், பூ. எல்லாம் முறையாக இருந்தது. அப்போது மீனாட்சி அம்மாள், "கொஞ்சம் கையக் கழுவிக்கிடுதேன்" என்று எழுந்தார்கள். பேசின் குழாய் டம்மியோடு நிற்கிறது, குளியலறைக் குழாயைத் திறந்தாலும் காற்றுதான் வரும். வாளியிலிருந்து மொண்டு கொடுத்திருக்கலாம், அதுதான் அறிவாளி செய்வது. நானோ இருபத்துநாலு மணி நேரமும் கொட்டும் என்று சொன்னவன். நைசாக வெளியே போய், மேல் வீட்டுக் கலீமுல்லா பாயிடம், "பாய், எங்க வால்வைக் கொஞ்சமா, கால் திருகு மட்டும் திறந்து விடுங்க" என்றேன். அவர் நல்ல மனிதர், முழுவதுமாகத் திறந்துவிட்டார்.

இங்கே பிரஷர் பற்றிச் சொல்ல வேண்டும். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம் கீழே. தொட்டி நான்காவது மாடிக்கு மேலே. நாங்கள் தரைத்தளம். தாங்கள் உட்கார்ந்திருந்த சோபா பேசினுக்கு நேர் எதிரே. டம்மி 'டொப்' என்று கழன்று பறந்தது. எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்து தங்கள் நெஞ்சில் அடித்தது. தாங்கள் அப்போது கட்டியிருந்தது பட்டு வேட்டி என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

"பாய்! மூடுங்க!" என்று கத்தினேன். மாடியிலிருந்து அவர், "மூடிட்டுதான் இருக்கேன் சார், சக்கரம் சும்மா சுத்துது!" என்றார். ஸ்பிண்டில் அறுந்துவிட்டது. மேலே சக்கரம் சுற்றும், உள்ளே தகடு இறங்காது. மகேஷ் தம்பி பேண்ட்டை மடித்துக்கொண்டு வாளி பிடித்தார். தாரணி மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்ததாக நினைவு. அதிர்ச்சியில் சிலருக்கு அப்படி வருமாம்.

லாரன்ஸுக்கு போன் போட்டேன். பக்கத்துத் தெருதான், ஓடி வந்தான். வெறுங்கையோடு வந்தான். "இன்னாடா, டூல்ஸ் எங்க?" என்றேன். "சார், எனக்கு பூஜைலாம் ஒண்ணியும் இல்ல சார். ஆனா டூல்ஸு பூரா பார்ட்னர் முருகன் வூட்ல கீது. பொட்டு வச்சு பத்தி கொளுத்திக்கினு குந்திகினு கீறான். தொட்டா என்னை உரிச்சுப்பூடுவான்" என்றான். என் பெட்டி கண்ணெதிரே இருக்கிறது. லாரன்ஸ் மாதா கோயிலுக்குப் போகிறவன், அவன் எடுத்தால் தோஷமில்லையே என்று தேவானையிடம் கேட்டேன். "எடுக்குறது யாருங்கறது இல்லைங்க, எது வச்சிருக்குங்கறதுதான். சரஸ்வதி உக்காந்திருக்கா" என்றாள். கணுக்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு இதைச் சொன்னாள். லாரன்ஸ் இரண்டு உள்ளங்கையாலும் குழாயை அழுத்திக்கொண்டு நின்றான். அவன் விரல் இடுக்கு வழியாகத் தண்ணீர் விசிறி போலத் தங்கள் மேல் மறுபடியும் அடித்தது.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். தேவானை காலண்டரைப் பார்த்துத் தீபாராதனை காட்டி, "தசமி பொறந்தாச்சு" என்றாள். தாங்கள், நனைந்த கோலத்திலும் நல்ல நேரத்தைத் தவறவிடாமல், எழுந்து நின்று தட்டை நீட்டினீர்கள். எவ்வளவு பெரிய மனசு! நான் ஓடிப் போய் ரெஞ்சை எடுத்தேன். ஏன் எடுத்தேன்? தண்ணீரை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தாம்பூலத்தை மரியாதையாக வாங்க வேண்டும் என்பதற்காக என்று தரகரிடம் சொல்லி அனுப்பினேன். அது நான் பிறகு யோசித்துச் சொன்னது. உண்மை என்னவென்றால், காலையிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தேன், சொல் விழுந்ததும் கால் தானாக ஓடிவிட்டது. எடுத்த பிறகுதான் தெரிந்தது, டம்மியே இல்லை, ரெஞ்சால் திருக ஒன்றுமில்லை என்று. திரும்பிப் பார்த்தேன். தாங்கள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "நல்லா இருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். மீனாட்சி அம்மாள் மட்டும் செருப்பைக் காணோம் என்று உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்து வந்தார்கள். ரெஞ்சும் கையுமாக வாசலில் நின்றேன். நான்-ரிட்டர்ன் வால்வு என்று ஒன்று உண்டு; போன தண்ணீரைத் திரும்பி வர விடாது. தங்கள் கார் தெருமுனை திரும்பியபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அண்ணாச்சி, தாரணி இதற்கு முன் வந்த வரன்களையெல்லாம் "பாக்கலாம்பா" என்று தள்ளியவள். மகேஷ் தம்பியோடு அடையாறில் ஒரு காபி குடித்துவிட்டு வந்துதான், "இவங்களை வரச் சொல்லுப்பா" என்றாள். என் பெண் வாய் திறந்து கேட்ட ஒன்றை நான் ஒரு ரெஞ்சால் கெடுத்துவிட்டேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வருகிறது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எந்நேரமும் போனும் காதுமாக இருக்கிறாள், சிநேகிதிகளிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறாள் போலும். தேவானை துக்கத்தை மறக்கத் தினமும் தி.நகர் போய்ப் புடவை பார்த்துவிட்டு வருகிறாள். தங்கள் வெள்ளித்தட்டு எங்கள் பூஜை அறையில் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பூ வேறு வைக்கிறாள். எங்கள் தட்டு எங்கே என்று நானும் கேட்கவில்லை. குழாயில் லாரன்ஸ் ஒரு கேரட்டைச் சீவித் துணி சுற்றி அடித்துவிட்டுப் போனான். இன்றுவரை அதுதான் தாங்குகிறது.

என்னை மன்னிக்க வேண்டாம். என் பெண்ணைத் தண்டிக்க வேண்டாம். இன்னொரு நல்ல நாள் சொல்லுங்கள், தட்டைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன். தங்கள் குடும்பமும் கடையும் செழிக்க, பெரியவர்களுக்கு வணக்கமும் மகேஷ் தம்பிக்கு ஆசியும் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
பஞ்சாட்சரம்.

பி.கு.: எதையும் அனுப்புமுன் தேவானையிடம் படித்துக் காட்டுவது என் வழக்கம். முழுவதும் கேட்டுவிட்டு அவள், "தட்டெல்லாம் அன்னிக்கே மாத்தியாச்சுங்க" என்றாள். தாங்கள் காரில் ஏறியதும் மீனாட்சி அம்மாள் தேடி வந்தது செருப்பை அல்லவாம். தாங்கள் வைத்துவிட்டுப் போன தட்டை எடுத்து இவள் கையில் கொடுத்து, இவள் கொடுத்ததை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்பன்மார் ரெண்டு பேரும் மொதல்ல ஆறட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம்" என்றார்களாம். தாரணி இத்தனை நாள் போனில் பேசியது மகேஷ் தம்பியோடு. தேவானை பார்த்தது முகூர்த்தப் புடவை, அதுவும் தங்கள் கடையில், தாங்கள் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து. ஆகவே மேலே எழுதிய எதற்கும் அவசியமில்லை. தங்களுக்கும் இது இன்னும் தெரியாது என்றே நினைக்கிறேன், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு விஷயம். எங்கள் தட்டில் பாக்குக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு பித்தளை டம்மி இருப்பதாக மீனாட்சி அம்மாள் சொன்னார்களாம். பறந்தது அங்கேதான் விழுந்திருக்கிறது. அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். மாற்றிய தட்டில் போனதைத் திரும்ப வாங்கக் கூடாது என்கிறாள் தேவானை. தங்கள் பூஜை அறையிலேயே இருக்கட்டும். லாரன்ஸ் புதிது வாங்கி வருகிறான்.

தங்கள் சம்பந்தி (இந்த முறை அடிக்கவில்லை),
பஞ்சாட்சரம்.