ஏழு நிமிடத்தில் கிடைத்த உன் அக்காள்

முகாம்: பெண்கள் வார்டு வராந்தா,
ஆஸ்பத்திரி, திருவண்ணாமலை.
1987, தீபம் முடிந்து ஏழாம் நாள்.

மதராஸ் நவதாரா கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் மரியாதைக்குரிய மச்சான் திரு. பரசுராமன் அவர்களுக்கு, கீழ்பென்னாத்தூர் இருசப்பன், அதாவது தங்கள் அக்காள் புருஷன், கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கு நான் சுகம். மாடு இரண்டும் சுகம், பக்கத்து வீட்டு ராணியம்மாள் தண்ணி காட்டுகிறாள். மல்லாட்டைச் செடி பிடுங்க ஆளில்லாமல் கொல்லையில் நிற்கிறது, அதுவும் சுகம்தான். தங்கள் அக்காள் பச்சையம்மாளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அங்கு தாங்களும் தங்கள் கம்பெனியும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

போன மாதம் தாங்கள் கம்பெனிக் காகிதத்தில் எழுதிய கடிதம் பத்திரமாக என் சட்டைப் பையில் இருக்கிறது. தீபத்துக்கு வரும் லட்சக்கணக்கான ஜனங்களுக்காகக் கம்பெனி ஒரு பைசா வாங்காமல் காணாமல் போனவர்களைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறது, யார் தொலைந்தாலும் ஏழு நிமிடத்தில் கிடைத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக நானும் தங்கள் அக்காளும் மலை சுற்றும்போது என் துண்டின் முனையையும் அவள் முந்தானையையும் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறோம். அவளுக்கு வலிப்பு உண்டு, கூட்டத்தில் விழுந்தால் மிதித்துவிடுவார்கள், மாத்திரை என் பையில்தான் இருக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. 'இந்தக் காலத்துலயும் முடிச்சு போட்டுக்கினு போகாதீங்க மாமா, பாக்கறவங்க சிரிக்கிறாங்க' என்று எழுதினீர்கள். தங்கள் அக்காள் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டு, 'தம்பி சொல்றான் இல்ல, இந்த வருசம் முடிச்சு வேணாங்க' என்றாள். போடவில்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டுவதற்குள், பின்னாலிருந்து ஒரு தள்ளு. திரும்பிப் பார்த்தேன், என் துண்டு மட்டும் என் தோளில் இருந்தது.

பத்து மணிக்கெல்லாம் தங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் வைத்திருந்த கொட்டகைக்கு ஓடினேன். சந்திரகலா என்று ஒரு பெண், நல்ல பெண், மெஷின் முன்னால் உட்கார்ந்து, தங்கள் அக்காள் பேர், என் பேர், ஊர் எல்லாம் தட்டினாள். அப்படி யாரும் வரவில்லை என்று மெஷின் சொல்லிவிட்டது. மைக்கில் கூப்பிடுங்கள் என்றேன். மெஷின் இருக்கும்போது மைக் எதற்குங்க என்று மேனேஜர் ராஜேந்திரன் சிரித்தார். மைக்கில் காலையிலிருந்து கம்பெனியின் பெருமைதான் போய்க்கொண்டிருந்தது. பதினோரு மணிக்குப் போனேன், இல்லை. பன்னிரண்டுக்குப் போனேன், இல்லை. அவள் மாத்திரை வேளை தாண்டிவிட்டது. ஒரு மணிக்குப் போனேன், உட்காருங்க பெரியவரே என்று எனக்கு ஒரு சோடா கொடுத்தார்கள். எனக்கு வயது நாற்பத்திமூன்று.

இனி எழுதப்போவது பிறகு அந்தச் சந்திரகலாவே ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதுகொண்டே சொன்னது. பதினொன்றேகாலுக்கே ஒரு போலீஸ்காரர் தங்கள் அக்காளைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறார். 'உங்க வீட்டுக்காரர் பேர் இன்னாம்மா?' என்று கேட்டிருக்கிறாள் இந்தப் பெண். புருஷன் பேரைத் தங்கள் அக்காள் எப்படி வாயால் சொல்லுவாள்? 'எங்க ஊர் ஏரிக்கரை சாமி பேருதாம்மா அவுருக்கு' என்றிருக்கிறாள். சொந்த ஊர் ஜனங்களுக்கு அது போதும். மெஷினுக்குப் போதவில்லை. புருஷன் பேர் எழுதும் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த கட்டத்துக்கே அது நகராதாம், அவள் பேரும் பதியாதாம். 'கட்டம் ரொம்பாத கேஸை உள்ள ஒக்கார வையி' என்று மேனேஜர் சொல்ல, பலகைத் தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். மச்சான், நான் நின்ற இடத்துக்கும் அவள் உட்கார்ந்த இடத்துக்கும் நடுவில் ஒரு பலகை. ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை, அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும், சேத்துப்பட்டுக் குழந்தை ஒன்றை அந்த மெஷின் நிஜமாகவே ஏழு நிமிடத்தில் சேர்த்து வைத்தது. ஆனால் அந்நேரம் போட்டோகிராபர் டிபன் சாப்பிடப் போயிருந்தார். மேனேஜருக்கு அது பெரிய மனக்குறை. ஆகவே ஒரு மணிக்கு நான் அங்க அடையாளம் சொன்னபோது, இந்தப் பெண் புரிந்துகொண்டு எழுந்துபோய், 'சார், அந்தம்மாவோட வீட்டுக்காரர் வந்துட்டாரு' என்று சொன்னதற்கு, 'இரு இரு, நாலு மணிக்கு வேலூர்லருந்து பெரிய அதிகாரி வராரு. அவரு கையால ஒப்படைக்கலாம். இன்னைக்கி இருக்கறது இந்த ஒரு ஜோடிதான், இதையும் கோட்டை விட்டா கவர்மெண்ட் ஆர்டர் வராது' என்றாராம். 'அவங்களுக்கு மாத்திரை தரணுமாம் சார்' என்றாளாம். 'மூணு மணி நேரத்துல இன்னா ஆயிடப் போவுது' என்றாராம். கம்பெனி இனாமாகச் செய்த சேவையில் அவளுடைய மாத்திரைக்கு ஒரு கட்டம் இல்லாமல் போயிற்று.

நாலு மணிக்கு வரவேண்டிய அதிகாரி ஐந்தே முக்காலுக்கு வந்தார். மாலை போட்டார்கள். பொதுநலத்தைப் பற்றி ராஜேந்திரன் பேசினார், நன்றாகப் பேசினார், நானே கை தட்டினேன் மச்சான், பெண்டாட்டி பலகைக்குப் பின்னால் கிடப்பது தெரியாமல் கை தட்டினேன். பிறகு பலகையை விலக்கினார்கள். போட்டோகிராபர் பளிச்சென்று அடித்தார். அவள் எழுந்து என்னைப் பார்த்து ஓரடி வைத்தாள், உடம்பு வெட்டி இழுத்தது, விழுந்த வேகத்தில் மெஷினின் இரும்பு ஸ்டாண்டு பின்மண்டையில் இடித்தது. 'ரொம்ப சந்தோஷம்' என்று சொல்லிவிட்டு அதிகாரி தீபம் பார்க்கப் போனார். அந்நேரம் மலைமேல் தீபம் ஏறிற்று. ஊரே அரோகரா என்றது. நான் 'யாராவது வாங்களேன்' என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கண் திறந்தாள். டாக்டர் என்னைக் காட்டி, 'இவரு யாரும்மா?' என்று கேட்டார். 'இருசப்பன்' என்றாள். ஞாபகம் இருக்கு, நல்ல அறிகுறி என்றார் டாக்டர். பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து என் பேர் வந்ததில்லை. ரேஷன் கார்டுக்காரன் கேட்டபோதுகூடத் தலையைக் குனிந்துகொண்டு என்னைக் கையால் காட்டியவள். இப்போது யாரோ ஒரு ஆளின் பேரைச் சொல்வதுபோல், வெட்கப்படாமல் சொன்னாள். நான் வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று ராஜேந்திரன் ஆப்பிளும் ஒரு காகிதமும் கொண்டுவந்தார். 'என் மனைவியைக் கம்ப்யூட்டர் ஏழு நிமிடத்தில் கண்டுபிடித்துத் தந்தது' என்று எழுதியிருக்கிறது, நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். 'நாளைக்கி எல்லாத் திருவிழாவுக்கும் மெஷின் வரும், எத்தனை குடும்பம் ஒண்ணு சேரும், பொது நன்மைய யோசிங்க' என்கிறார். ஆப்பிளை வார்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். காகிதத்தைத் தொடவில்லை. தலையைப் படம் எடுக்க வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார் டாக்டர், பஸ்ஸில் குலுங்கக் கூடாதாம். ராஜேந்திரன் தன் காரைத் தருகிறாராம். கொல்லையை அடகு வைத்தாவது நான் வேறு கார் வைத்துக்கொள்வேன், அந்தக் காரில் மட்டும் ஏற மாட்டேன். நீ ஒழுங்கான தம்பியாக இருந்தால் உன் முதலாளி முன்னால் போய் நின்று, என் அக்காளை நாலே முக்கால் மணி நேரம் ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். நான் பேப்பர்காரர்களுக்கும் இதையே எழுதப் போகிறேன். நீ கேட்காவிட்டால் என் வீட்டு வாசற்படி மிதிக்காதே.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு என் ஆசி, உனக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை, மலையில் இருப்பவன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இருசப்பன்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் இதைச் சேர்க்கிறேன். காலையில் இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், இன்னும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசலில் ராஜேந்திரன் கார்தான் நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆகவே மச்சான், மேலே எழுதியதையெல்லாம் படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடவும். முதலாளியிடம் எதுவும் கேட்க வேண்டாம், வேலூருக்கு வந்து சேர். யார் விசாரித்தாலும் ஏழு நிமிடம் என்றே சொல், நானும் அப்படியே சொல்கிறேன். இதைக் காரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஏறியதும் என் துண்டையும் அவள் முந்தானையையும் முடிச்சுப் போட்டேன். அவள் கொஞ்ச நேரம் அந்த முடிச்சையே பார்த்துவிட்டு, 'எதுக்குங்க இருசப்பன் இது?' என்று கேட்டாள்.