அமைச்சர் பதவியை மறுத்தவர்

எங்கள் தென் கொரியாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய அதிபர் வருவார். வந்ததும் பத்தொன்பது பேரை அமைச்சராக்குவார். அதே வாரத்தில் முந்நூறு பேர் அமைச்சர் பதவியை மறுத்துவிடுவார்கள். யார் கேட்டார்கள், இவர்கள் மறுப்பதற்கு? அதை மட்டும் கேட்கக் கூடாது. பதவியை ஏற்றவர்களைப் பற்றி எழுத ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷமாகப் பத்திரிகையில் அரசியல் எழுதிப் பிழைக்கும் நான், மறுத்தவர்கள் என்னும் இனத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அமைச்சரவை எப்படி அமைகிறது தெரியுமா? தேர்தலில் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு ஐந்து, அதிபரின் சொந்த மாகாணத்துக்கு ஆறு, பக்கத்து மாகாணம் முறைக்காமலிருக்க மூன்று, எதிர்க்கோஷ்டியின் வாயை அடைக்க இரண்டு, பெண்கள் எங்கே என்று பத்திரிகைகள் கேட்ட பிறகு அவசர அவசரமாக இரண்டு. மீதி ஒன்று. படித்தவர் ஒருவரும் இருக்கட்டுமே என்று ஒரு பேராசிரியருக்கு. நம் ஆள் அந்தப் பத்தொன்பதாவது நாற்காலிக்குக் காத்திருப்பவர்.

அடையாளம் காண்பது சுலபம். தேர்தல் முடிவு வந்த மறுநாள் தலையில் கறுப்புச் சாயம் ஏறும். பொதுக் குளியல் கூடத்தில் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினாலும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய கைப்பேசி கழுத்தளவு தண்ணீரில் கூடவே நிற்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், ஆளாய்ப் பறப்பது தெரியக் கூடாதென்று மூன்று மணி அடிக்க விட்டு, பிறகு அடிவயிற்றுக் குரலில் "சொல்லுங்கள்" என்பார். அந்தப் பக்கம் காப்பீடு விற்கும் பெண் பேசுவாள். புதிய அதிபர் எந்த மாகாணமோ அங்கே இவருக்கு ஒரு பூர்வீகம் முளைக்கும்: அப்பா பிறந்த ஊர், இல்லாவிட்டால் அம்மா பிறந்த ஊர், இரண்டுக்கும் வழியில்லையென்றால் ராணுவத்தில் உருளைக்கிழங்கு உரித்த ஊர்.

எனக்குத் தெரிந்த உத்தமமான மாதிரி, கல்வியியல் பேராசிரியர் நாம்குங் சோக். பதினெட்டு வருஷமாகக் கல்வி அமைச்சர் பதவிக்குக் காத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் எனக்குத்தான் போன் வரும்.

"தம்பி, அடுத்த அமைச்சர் யாருன்னு உங்க பேப்பர்ல ஒரு பட்டியல் போடுவீங்களே. நான் கேட்டதா இருக்க வேண்டாம். என் பேரு ரெண்டாவதா வரட்டும். முதல் பேரை எப்பவும் வெட்டிடுறாங்க."

"அப்ப முதல்ல யாரைப் போடட்டும் சார்?"

"பக்கத்து ரூம் போங் சாரைப் போடுங்க. பாவம், நல்ல மனுஷன்."

பட்டியல் வரும். பழைய மாணவர்களும், பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனிக்காரர்களும் வாழ்த்து ரிப்பன் கட்டிய ஆர்க்கிட் பூந்தொட்டிகளை அவர் வீட்டு வாசலில் இறக்குவார்கள். அதிபர் வேறு யாரையோ நியமிப்பார். அன்று மாலையே இரண்டாவது போன்: "தம்பி, நான் வேண்டாம்னுட்டேன். எழுதாதீங்க. ஆனா நாலு பேருக்குத் தெரிஞ்சாத் தப்பில்ல."

தேர்வுத்தாள் வெளியானது, அமைச்சர் மகன் மாட்டிக்கொண்டது என்று எட்டு மாதத்துக்கொரு முறை அமைச்சரவையைக் கலைத்து அடுக்குவார்கள். அதில் கல்வி நாற்காலி காலியாகும் ஒவ்வொரு தடவையும் ஒரு மறுப்பு. பதினொன்று சேர்ந்துவிட்டது. நாங்கள் சாப்பிடும் மாட்டெலும்பு சூப்புக் கடையின் உரிமையாளர் அம்மாளே கேட்பாள்: "என்ன அமைச்சரே, இன்னிக்கு சூப்பையும் மறுத்துடுவீங்களா?"

இந்த வசந்தத்தில் மறுபடி ஒரு கல்வி அமைச்சர் கவிழ்ந்தார். பட்டியல் விஷயம் பேச, சனிக்கிழமை மதியம் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார் நாம்குங். போன் அடித்தது. மூன்று மணி விட்டு எடுத்தார். காப்பீட்டுப் பெண் இல்லை. மனிதர் எழுந்து நின்றார். போனைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். "ஆமாங்கய்யா. ஆமாங்கய்யா."

அதிபர் மாளிகையேதான். பத்து நிமிஷத்தில் கணினிக்கு இருநூறு கேள்விகள் கொண்ட படிவம் வந்தது. கடைசிப் பக்கத்தில் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். நாடாளுமன்ற விசாரணையில் எல்லாவற்றையும் தொலைக்காட்சியில் தோண்டுவார்களே, அதற்கு முன்னேற்பாடு. பதினேழாவது கேள்வி: வசிக்காத முகவரியை எப்போதாவது பதிவு செய்ததுண்டா?

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி மியோங்-ஹி கணவரைப் பார்த்தார். மகனுக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைக்க, மியோங்-ஹியின் தங்கை வீட்டில் எட்டு மாதம் 'குடியிருந்தார்கள்', காகிதத்தில் மட்டும். இந்தத் திருட்டைக் கண்டித்து நாம்குங் ஒரு தடிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

"எட்டு மாசந்தானே, மியோங்-ஹி."

"நீங்க அமைச்சரா இருக்கப் போறதும் எட்டு மாசந்தான். டிவில பையன் பேரும் தங்கச்சி வீடும் வந்தா, அது ஆயுசு பூரா நிக்கும். மருமக வேற மாசமா இருக்கா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பதினெட்டு வருஷம் காத்திருந்தேனே."

"தெரியும். கூடவே நானுந்தானே உட்கார்ந்திருந்தேன்."

நாம்குங் இரண்டு தடவை பேனாவை நீட்டினார். மியோங்-ஹி நூடுல்ஸை எங்கள் கிண்ணங்களில் பரிமாறினார். அது ஊறிப் பெருத்து வீணாகும்வரை யாரும் தொடவில்லை. கடைசியில் நாம்குங்கே மாளிகைக்குப் போன் போட்டு, "குடும்பச் சூழ்நிலைங்கய்யா, மன்னிக்கணும்" என்றார். அடிவயிற்றுக் குரல் இல்லை, சொந்தக் குரல். எனக்கு மனசு கேட்கவில்லை.

திங்கட்கிழமை கல்வி அமைச்சராக அறிவிக்கப்பட்டவர், பக்கத்து ரூம் போங் சார். அவர் வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அன்று சூப்புக் கடையில் நாம்குங் மெல்லச் சொன்னார்: "முதல்ல எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

கடையே விழுந்து விழுந்து சிரித்தது. "பன்னெண்டாவதா, அமைச்சரே?" என்றாள் உரிமையாளர் அம்மாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க கூட இருந்தீங்களே, சொல்லுங்க."

காரணத்தைச் சொன்னால் தங்கை வீடு சந்திக்கு வரும். அதனால் அதை விட்டுவிட்டு, "ஆமாம், போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்" என்றேன்.

"உங்களுக்கு இன்னிக்கு சூப்பு யாரு வாங்கித் தர்றா, அவரா?" என்றான் பக்கத்து மேஜைக்காரன். சிரிப்பு இரண்டு மடங்கானது. பதினொரு பொய்யை மரியாதைக்காவது கேட்டுக்கொண்டவர்கள், ஒரே ஒரு உண்மையை நம்பவில்லை. நாம்குங் சூப்பை முடிக்காமலே எழுந்து போனார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். குடியிருப்புச் சங்கத் தலைவராகக் கூப்பிட்டார்கள், நேரமில்லை என்றுவிட்டேன் என்று போன மாதம் மைத்துனரிடம் சொன்னீர்களே, யார் கூப்பிட்டது? போகட்டும், நான் துருவவில்லை. என்றைக்காவது நிஜமாகவே கூப்பிட்டு, நிஜமாகவே மறுக்கும்படி நேர்ந்தால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். என்னைப் பாருங்கள். போன அதிபர் செய்தித் தொடர்பாளராக வரச் சொன்னார். முடியாது என்றுவிட்டேன். இதுவரை யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா?