சம்பந்தியின் துண்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்களை யாரும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி அளந்துதான் பார்க்கிறார்கள். அந்த வீட்டுக்கு நான் மூத்த மாப்பிள்ளை. கடத்தூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இளைய மாப்பிள்ளை மாதையன், என் மனைவி சாந்தாவின் தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை. காரிமங்கலத்துக்காரர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் எனக்கு இளையவர், உயரத்தில் மூத்தவர். தலையில் இன்னும் முடி இருக்கிறது. (எனக்கும் இருக்கிறது. எண்ணிவிடலாம்.)

எனக்கு அவர் மேல் பொறாமை உண்டா என்றால், உண்டு. மாமியார் வீட்டுக்கு அவர் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். நான் வந்தால் நாற்காலி இருக்கும் திசையைக் காட்டுவார்கள். ஒரு விருந்தில் உட்கார்ந்து எண்ணியே பார்த்தேன். 'காரிமங்கலம் மாமா' என்ற சொல் பதினேழு முறை வந்தது. என்னைப் பற்றிய பேச்சு ஒரே ஒரு முறை: "அவருக்கு ரசம் போதுமாம்."

இந்த நிலையில் மச்சான் கோவிந்தனின் மகள் கௌசல்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பாலக்கோட்டுப் பையன், பெயர் சதீஷ். பொம்மிடியில் மச்சான் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து வேலைகளைப் பிரித்தார்கள். பந்தல், சமையல், மண்டபம் எல்லாம் மாதையன் பக்கமே போய்க்கொண்டிருந்தன.

"பத்திரிகையையும் காரிமங்கலம் மாமாகிட்டயே உட்டுரலாம்" என்றார் மச்சான்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "பத்திரிகைய நான் அடிச்சுத் தரேன். எங்க வூட்டுலயே."

கூடம் அமைதியானது. அந்த வீட்டில் என் பேச்சுக்கு அமைதி கிடைத்தது அதுவே முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன், ஓய்வூதியக் காகிதங்களுக்கு ஆகும் என்று ஒரு பிரிண்டர் வாங்கிக் கொடுத்திருந்தான். முன்பக்கம் கண்ணாடி போல் தெரியும் நான்கு மைத் தொட்டிகள்: கறுப்பு, நீலம், ரோஸ், மஞ்சள். ஒவ்வொன்றிலும் மை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தினமும் காலையில் ஸ்கேல் வைத்து அளப்பேன். அளப்பதற்குத்தான் அது அதிகம் பயன்பட்டது.

மறுவாரம் மாதையன் எங்கள் வீட்டுக்கு வந்தார். (நான் அழைக்கவில்லை.) தொட்டிகளைக் குனிந்து பார்த்தார். மை பாட்டில்களை எடுத்து, பின்னால் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போடாமலே படித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணா, இதுல கறுப்பு வேற ஜாதி மைங்க. பொடி கலந்தது. காஞ்சா தாளப் புடிச்சுக்கும். மத்த மூணும் வெறும் சாயத் தண்ணி. ஈரம் பட்டா ஓடிரும். ஒண்ணு எல்லாத்தையும் கறுப்புல போடுங்க, இல்லாட்டி பிரஸ்ஸுல குடுத்துரலாங்க."

"கல்யாணப் பத்திரிகைய எவனாச்சும் கறுப்புல அடிப்பானா? அது கருமாதிப் பத்திரிகைங்க."

"நான் சொல்றத சொல்லிட்டங்கண்ணா."

"உங்களுக்குக் கறுப்புதான் புடிக்கும்னா, உங்க பேர மட்டும் கறுப்புல போட்டுடறேன்."

மனிதர் கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மீசை ஆடச் சிரித்தார். "எங்க பேரு எந்தக் கலர்ல இருந்தா என்னங்கண்ணா!" பெருந்தன்மையைப் போல எரிச்சல் தரும் குணம் வேறு இல்லை.

வேலையில் இறங்கினேன். முதலில் வழவழப்பான பளபள அட்டை வாங்கினேன். பிரஸ்ஸுக்கென்று செய்த அட்டை அது. என் பிரிண்டரின் மையை அது உள்ளே விடவே இல்லை. மை மேலேயே பனித்துளி மாதிரி நின்றது. துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்தேன். மறுநாள் தொட்டால் கௌசல்யா கட்டை விரலோடு வந்துவிட்டாள்.

"ஏங்க, பொடவ காயப்போட எடம் வுடுங்க" என்றாள் சாந்தா.

பிறகு வழவழப்பில்லாத கெட்டி வெள்ளை அட்டைக்கு மாறினேன். அது மையைக் குடித்தது. ஆனால் இயந்திரம் ஒரு சமயம் இரண்டு அட்டையைச் சேர்த்து இழுத்தது, இன்னொரு சமயம் ஒன்றைப் பாதி இழுத்துவிட்டு யோசித்தது. அட்டைக் கட்டை விசிறிப் பிரித்து, ஓரம் தட்டிச் சமமாக்கி, பத்துப் பத்தாக வைத்தால் ஒழுங்காகப் போகும் என்று கண்டுபிடித்தேன். இருநூறு அட்டைகள். சதீஷ், கௌசல்யா பெயர்கள் சிவப்பில். முகூர்த்தமும் மண்டபமும் நீலத்தில். பெற்றோர் பெயர்கள் பச்சையில். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் என் பெயர் ஊதாவில், மற்றவர்களைவிட இரண்டு சுற்றுப் பெரிதாக. கீழ் ஓரத்தில், எறும்பு படிக்கும் அளவில், 'மாதையன், லைன் இன்ஸ்பெக்டர் (ஓய்வு), காரிமங்கலம்' என்று கறுப்பில்.

முதல் பத்திரிகையைச் சம்பந்தி வீட்டில் வைப்பதுதான் முறை. மூத்த மாப்பிள்ளை கையால் கொடுக்கட்டும் என்று மச்சானே சொல்லிவிட்டார். மச்சான், அவர் மனைவி, நான் எல்லோரும் மாதையனின் காரில் பாலக்கோட்டுக்குப் புறப்பட்டோம். பத்திரிகையின் நான்கு மூலையிலும் நானே மஞ்சள் தடவினேன். மூலையில் இருந்த ரோஜாப் படங்கள் லேசாகக் கலங்கின. மஞ்சளின் சேட்டை என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தி வீட்டில் ஒன்பது தட்டுகளை வரிசையாக வைத்தோம். பத்திரிகைத் தட்டு என் கையில். நான் எழுந்து நின்றேன். மாதையன் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் அனுபவித்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அத்தை பன்னீர்ச் செம்போடு வந்தார். தாராளமான கை. எனக்கு இரண்டு வீச்சு, தட்டுக்கு நான்கு வீச்சு.

"அட, நல்ல பத்திரிகை நனையுதே" என்று சம்பந்தி தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்து, மரியாதையோடு, மேலிருந்து கீழாக, அழுத்தி ஒரு துடை துடைத்தார்.

முழுக் கல்யாணமும் துண்டுக்குப் போய்விட்டது.

அட்டையில் சாயங்காலத்து மேகம் மாதிரி ஒரு கலவை மட்டும் மிஞ்சியது. சிவப்பு நீலத்தில் ஓடி, நீலம் பச்சையில் ஓடி, என் ஊதாப் பெயர் ஒரு கத்தரிக்காய் அளவுக்குக் கறையாகியிருந்தது. சம்பந்தி அட்டையைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். கடைசியில் கீழ் ஓரத்தில் எதையோ கண்டுபிடித்து உரக்கப் படித்தார்.

"மாதையன், லைன் இன்ஸ்பெக்டர், ஓய்வு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாத்தியாருங்களே, எங்க பையன் பேரு சதீஷுங்களே. யாருங்க இந்த மாதையன்? அதுவும் ஓய்வு வேற வாங்கிட்டாரு?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தை செம்பைக் கீழே வைத்தார். "மொதப் பத்திரிகையிலயே பொண்ணு பேரும் பையன் பேரும் அழிஞ்சு போச்சே. இது நல்லாவா இருக்குது?" என்றார். உள்ளறை வாசலில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் முகம் வெளுத்துவிட்டது. அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கௌசல்யாவின் கல்யாணம் என் கையில் இருந்த தட்டில் தத்தளித்தது. ஏழாம் வாய்ப்பாடு கூட எனக்கு அந்த நேரத்தில் வந்திருக்காது.

மாதையன் எழுந்தார்.

"நான்தானுங்க அந்த மாதையன். எனக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயிருச்சுங்க, அதுவே தாங்கல." முதல் சிரிப்பு வாசலில் இருந்து வந்தது. அவர் சம்பந்தியிடம் போய், அந்தத் துண்டை விரித்து, மடித்து, திரும்பவும் அவர் தோளில் போட்டார். "பேரு எங்கயும் அழியலீங்க. பாருங்க, எங்க பொண்ணு பேரு உங்க தோள் மேல ஏறிருச்சு. இனிமே எறக்கி வெக்க முடியாதுங்க, நீங்கதான் சுமக்கணும்."

சம்பந்தி துண்டைப் பார்த்தார். சிவப்பு அப்பட்டமாக அங்கே இருந்தது. "அதுவும் சரிதானுங்க" என்று வாய்விட்டுச் சிரித்தார். அத்தை மறுபடியும் செம்பை எடுத்து, இந்த முறை மாதையனுக்கு மட்டும் பன்னீர் தெளித்தார். காப்பி வந்தது. அவருக்கு முதலில்.

கல்யாணம் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டும் என்ற வேதனை பொம்மிடி வரும் வரை போகவில்லை. இன்றும் போகவில்லை. வீட்டுக்கு வந்து மீதி அட்டைகளை ஈரக் கையால் தேய்த்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். அவர் மட்டும் நின்றார். கட்டுக் கட்டாக மாதையன்.

புதுப் பத்திரிகையை அவர்தான் பிரஸ்ஸில் அடித்து வந்தார். அதில் என் பெயரை முதலில், தங்க எழுத்தில் போட்டிருந்தார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிக் காலம் தள்ளுவது?

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் யாரோ "புது மாப்ளைக்கு இன்னொரு ஜிலேபி வையுங்க" என்று கத்த, சதீஷ் இலையை நீட்டினான். பரிமாறியவர் அவனைத் தாண்டிப் போய் மாதையன் இலையில் வைத்தார். அன்று முதல் எழுபதை நெருங்கும் அந்த மனிதர் எங்கள் சொந்தத்தில் 'புது மாப்ளை'.

எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. எங்கள் வகையறாவில் யார் வீட்டு விசேஷமானாலும், அச்சான பத்திரிகையில் முதல் பிரதி கடத்தூருக்குத்தான் வருகிறது. கூடவே, "கெட்டியா நிக்குதான்னு வாத்தியார் பாத்துச் சொல்லட்டும்" என்று ஒரு சிரிப்பும் வரும். சாந்தா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். நான் விரலை நனைத்து ஒவ்வொரு பெயராகத் தேய்த்துப் பார்த்து, எத்தனை பெயர் நிற்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

போன மாதம் மாதையனே தன் பேரன் காதுகுத்துப் பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினார். மொத்தம் முப்பத்தொரு பெயர்கள். முப்பது பெயர்களை ஆளுக்கு ஒரு முறை தேய்த்தேன். அவர் பெயரை மட்டும் மூன்று முறை.

அசையவில்லை.