பச்சைக்குள் ஒளிந்த மில்

மசாலா அரைக்கும் இயந்திரம், கதைகளில் வரும் பிடிவாதக் கழுதையைப் போல, தென்னந்தோப்பின் வாசலில் நின்றுவிட்டது.

"செத்த வேகமாத் தள்ளுங்கப்பா! ஜீப்பு ரெட்டியார்சத்திரம் தாண்டிருச்சாம்!" என்று பதறினார் மில் உரிமையாளர் கிதர் முகம்மது.

திண்டுக்கல் வட்டாரத்துக்கான நிலப் பயன்பாட்டுத் திட்டத்தின் வரைவு வெளியாகியிருந்தது. வரைபடத்தில் தொழிலுக்கு ஊதா நிறம், விவசாயத்துக்குப் பச்சை. அவருடைய இடம் முழுவதும் பச்சையாக இருந்தது. ஜீப்பில் பார்வையிட வரும் அதிகாரிகள், பச்சையில் மில் ஓடுவதைக் கண்டால் பூட்டிவிடுவார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

இயந்திரம் ஒருவழியாகத் தோப்புக்குள் போனதும், காலியான கொட்டகையில் ஒரு பசு கட்டப்பட்டது. வாசலில் கத்தரி நாற்று நடப்பட்டது. மிளகாய்க் காம்பு கிள்ளும் பெண்கள் களைக்கொத்தியுடன் நின்றார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி முதலில் தும்மினார்.

"இங்கே மில் ஏதும் இல்லையா?"

"மில்லா? எங்க வீட்டுல மிக்சிகூட இல்ல சார்!"

"மிளகாய் நெடி அடிக்கிறதே?"

"மாடு கொஞ்சம் காரமாச் சாப்பிடும் சார்."

அதிகாரி குழப்பத்துடன் பசுவைப் பார்த்தார். பசுவும் அதே குழப்பத்துடன் அவரைப் பார்த்தது. 'விவசாயம்' என்று குறித்துக்கொண்டு அவர் புறப்பட்டார்.

மனைவி சைதூன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, இல்லவே இல்லைன்னு சொல்லிட்ட மில்லுல இனி எப்படி அரைக்கிறது? கேரளாவுக்கு லோடு போகலைன்னா இம்புட்டுப் பொம்பளைங்களுக்கும் வேலை ஏது?"

அந்தக் கேள்வி அவரை உறுத்தியது. நிலத்தைத் தொழிற்பகுதியாக மாற்றக் கோரி மறுநாளே மனுக் கொடுத்தார். மனுவை விசாரிக்க ஜீப் மீண்டும் வந்தது. நிறம் மாறும்வரை மில் கண்ணில் படக்கூடாதே என்று அஞ்சியவர், இயந்திரத்தின் மேல் தென்னமட்டைகளைக் குவித்தார். கொட்டகையில் இன்னொரு பசுவையும் கட்டினார்.

"மனுக் கொடுத்தவர் நீங்கள்தானே? தொழில் எங்கே?"

"ஊதா போட்டுட்டீங்கன்னா உடனே வந்துரும் சார்!"

"மாடு கட்டுவதற்கு எதற்கு ஐயா ஊதா?"

மனுவை நிராகரித்துவிட்டு, மூக்கைத் துடைத்தபடி அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

கிதர் முகம்மது ஜீப் ஓட்டுநர் பாண்டியராஜிடம் முறையிட்டார். "ஏம்ப்பா, ஒரு மில்லைக்கூட வாழ விட மாட்டீங்களா?"

"நீங்க வேற பாய்! வரைபடத்துல விட்டுப்போன மில்லு எங்க ஓடினாலும் ஊதா போட்டுட்டு வாங்கன்னு அனுப்பினதாலதான், நாங்க ஊர் ஊரா அலையுறோம்!"