நிறுத்தத் தெரியாத முதல் பாடம்

கம்ப்யூட்டர் மொழிகளுக்குக் கையேடு எழுதுகிறவர்கள், ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும்படிதான் எழுதுவார்கள். இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். கோபித்துக்கொள்கிறவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் கலிபோர்னியாவின் குபெர்டினோவில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. அவர்கள் உருவாக்கிய மொழியின் கையேடு, புரோகிராமை நிறுத்தும் வழி என்று முதல் பக்கத்திலேயே "கில்", "அபார்ட்" (கொல்லு, கலைத்துவிடு) என்று மிரட்டும். (கற்றுக்கொள்ள வந்தவளை வாசலிலேயே விரட்டினால் எப்படி?) நானே மாற்றி எழுதுகிறேன் என்று குதித்தேன்.

மேனேஜர் சேவியர் சார் நாகர்கோவில்காரர். "எழுதும்மா. ஆனா கம்ப்யூட்டரே தொடாத நாலு பேர் படிச்சு செஞ்சு காட்டணும். இல்லேன்னா பழைய புக்தான் பிரின்ட்டுக்குப் போகும். நீ டெஸ்டிங்குக்குப் போயிடு" என்றார்.

எழுதினேன். விருந்தாளியிடம் "வாங்க, சாப்பிடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வோமே, அதையே கம்ப்யூட்டர் பிரின்டரில் அடித்துத் தள்ளும். அதுதான் முதல் பாடம். நிறுத்தும் வழியை ஏழாவது பாடத்துக்குத் தள்ளிவிட்டேன். விளக்கைக்கூட "அணை" என்னாமல் "குளிர வை" என்று சொல்லி வளர்ந்தவள், நல்ல காரியத்தைத் தொடங்கும்போதே முடிவைப் பற்றி எழுதுவேனா?

பரீட்சைக்கு பிளசன்டன் ஊர்ச் சிநேகிதிகள் நால்வரைக் கூட்டி வந்தேன். ஊரில் டீச்சராக இருந்து, இங்கே விசா தொல்லையால் வீட்டில் முடங்கிக் கிடந்த மேரி முதலில் தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். ஆபீஸுக்கே இருந்த ஒரே பிரின்டர் விருந்து உபசாரத்தில் இறங்கிவிட்டது. காகிதம் தரையெல்லாம் வழிந்தது.

சேவியர் சார் ஓடி வந்தார். "ஐயையோ, இத எப்படி நிறுத்துறது?"

மேரி நிதானமாகச் சொன்னாள்: "அது ஏழாவது பாடம் சார். நாங்க இன்னும் அங்க வரல."

அவர் பிளக்கைப் பிடுங்கினார். "பழைய புக்கே போதும்மா."

நான் விடவில்லை. "நிக்கலதான் சார். ஆனா ஓடுச்சுல்ல? அந்தப் பழைய புக்க வச்சு இவங்க ஒரு வரி அடிச்சிருப்பாங்களா?"

மேரி காகிதங்களை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். "இந்த ஊருக்கு வந்தப்புறம் நான் சொன்னத சொன்னபடி கேட்டது இது ஒண்ணுதான் சார்."

சேவியர் சார் அவள் கையிலிருந்து ஒரு தாளை உருவிப் படித்தார். என் புத்தகம்தான் அச்சுக்குப் போனது. நிறுத்தும் வழியை முதல் பக்கத்திலேயே போட வைத்தார், அது வேறு விஷயம்.

இன்றும் வீட்டில் நான் சண்டைக்கு நின்றால் மகள், "அம்மா, ஹவ் டு வி ஸ்டாப் யூ?" என்பாள்.

"பிளக்க புடுங்கணும்" என்பார் என் கணவர்.

"எங்க, புடுங்கிப் பாருங்க!" என்பேன். இதுவரை யாரும் கிட்டே வந்ததில்லை.