நீ கொடுத்தனுப்பாத நீலச் சட்டை

பாசமும் பயமும் கலந்த மரியாதைக்குரிய என் அக்காவுக்கு,

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதி, ஒரு பயணியைக்கூடத் தவறான நிறுத்தத்தில் இறக்கிவிடாத ஓய்வுபெற்ற கண்டக்டரும் உன் ஒரே தம்பியுமான நான் இரு கையும் கூப்பி எழுதுவது. இங்கே நான் சுகம், சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் அத்தானும் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்துகொண்டு படி. கோபம் வந்தால் கிழித்துவிடாதே, கடைசியில் ஒரு கிழமை எழுதியிருக்கிறேன், அது உனக்கு வேண்டும்.

விஷயம் என்னவென்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நான் டிவியில் வருகிறேன். நிகழ்ச்சியின் பேர் 'பத்தாம் படி'. பத்துக் கேள்வி, சரியான பதில் சொன்னால் ஒரு படி ஏறலாம், உச்சிப் படியில் கார். போட்டிக்காரர் யார் என்றும் சொல்லிவிடுகிறேன்: உன் மாப்பிள்ளை. 'கயித்துல தொங்குறவன்' என்று மூன்று வருஷமாக நீ சொல்லிக்கொண்டிருக்கிறாயே, உன் மகள் உன்னைக் கேட்காமல் கட்டிக்கொண்டாள் என்று அந்த வீட்டு வாசல் மிதிக்காமல் இருக்கிறாயே, அந்த லிஃப்ட் மெக்கானிக்கேதான். போட்டிக்கு வருகிறவருடைய சொந்தக்காரர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம், நாற்காலி காலியாக இருந்தால் ஆட்டமே கிடையாது. மாப்பிள்ளைக்கு அம்மா அப்பா இல்லை. உன் மகளுக்கோ ஏழாம் மாசம், வண்டியில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் என்னைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்தார்கள். கெஞ்சினார்கள் என்றால், உன் மகள் போன் செய்தாள், அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நான் செருப்பு மாட்டிவிட்டேன்.

அந்த ஸ்டூடியோவைப் பார்க்க வேண்டுமே அக்கா, ரெண்டாயிரம் பேர் உட்காரலாம். நாற்காலியை எண்ணினால் எண்பது வரும், ஆனால் பார்வைக்கு ரெண்டாயிரம். உள்ளே அப்படியொரு குளிர். காதில் ஒயர் மாட்டிய ஒருவர், கைதட்டல் மேஸ்திரி என்று நான் பேர் வைத்தேன், ஆட்டம் தொடங்கும் முன்பே எங்களை எல்லாம் கைதட்டச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், அப்புறம் எதுவுமே நடக்காமல் 'ஐயோ பாவம்' என்று முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லி வரிசை வரிசையாகப் படம் எடுத்தார்கள். ஒருவன் தோற்கும்முன்பே அவனுக்காக வருத்தப்பட வைத்துவிடுகிறார்கள், என்ன தொழில் பார். என் கைதட்டல் அங்கேயே பேர் வாங்கிவிட்டது. சத்தம் பதிவு செய்கிறவர் எழுந்து வந்து, பெரியவர் மட்டும் கையைச் சேர்க்காமல் தட்டினால் போதும் என்று பணிவோடு கேட்டுக்கொண்டார். எண்பது பேரில் அந்த மரியாதை எனக்கு மட்டும்தான். மாப்பிள்ளை பொடிக்கோடு போட்ட சட்டையில் வந்திருந்தார், அது கேமராவில் நெளியுமாம், அதனால் உடுப்பு பார்க்கும் அம்மா ஒரு நீலச் சட்டையைக் கொடுத்து, தொளதொளவென்று இருந்ததை முதுகுப்பக்கம் நாலு ஊசி குத்தி அடக்கி அனுப்பினார். அந்தச் சட்டையை ஞாபகம் வைத்துக்கொள்.

கயிற்றில் தொங்குகிறவர் எட்டுப் படி ஏறினார் அக்கா. நீ நம்ப மாட்டாய். மலை, ஆறு, நோய், நாணயம் என்று எதைக் கேட்டாலும் தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகச் சரியாகச் சொல்லிவிடுகிறார். லிஃப்ட் மாட்டிக்கொண்ட இடத்தில் ஆள் வருகிறவரை இருட்டில் உட்கார்ந்து படிப்பாராம். எட்டாம் படியில் அவர் நிற்கும்போது, நிகழ்ச்சி நடத்துகிற அம்மா என்னிடம் இறங்கி வந்து மைக்கை நீட்டினார். எனக்கு எதற்கு மைக், கடைசி சீட் வரை டிக்கெட் கேட்ட தொண்டை. குடும்பத்திலிருந்து நீங்கள் ஒருத்தர்தான் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். மேலே பார்த்தேன், மாப்பிள்ளை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்தது எனக்குத் தாங்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது:

"எங்க அக்காதாங்க என்னை அனுப்பிச்சாங்க. இவரோட மாமியார். முழங்கால் வலி, வர முடியல. காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளை போட்டிருக்காரே நீலச் சட்டை, அது அவங்க கொடுத்தனுப்பினதுதான்."

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது, மேஸ்திரி கை காட்டாமலே. ஓரத்தில் நின்ற உடுப்பு அம்மா மட்டும் கையில் ஊசி டப்பாவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏறின பஸ்ஸில் பாதியில் இறங்குகிறவனா நான், வாராவாரம் நீ அவருக்குக் கடிதம் எழுதுவதாகவும் சொல்லிவிட்டேன்.

உடனே ஒன்பதாம் கேள்வி. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? முப்பது விநாடி. பதில் எனக்கும் தெரியும், ஒன்று என்று நினைத்திருந்தேன், அது வேறு விஷயம். மாப்பிள்ளை வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கண் ரெண்டும் நிறைந்துவிட்டது. மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். மூன்றுதான் சரி. ஆனால் வாயால் சொன்னால்தான் கணக்காம், அது இன்னொரு சட்டம். மணி அடித்துவிட்டது. கார் போய்விட்டது அக்கா. எட்டாம் படிப் பரிசு துணி துவைக்கிற மெஷின், அது மட்டும்தான் வருகிறது.

திரும்பும்போது வேனில் அவர் என்னைத் திட்டுவார் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். நீலச் சட்டையை நாலாக மடித்து இரண்டு கையாலும் உடுப்பு அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய கோடு சட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சட்டைக் கதை பொய் என்று அவருக்குத் தெரியும், அவருக்கே அல்லவா ஊசி குத்தியது. கடிதக் கதையும் பொய் என்று தெரியும், ஒரு கார்டுகூட வரவில்லையே. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"மாமா, மத்ததெல்லாம் விடுங்க. அத்தை ஒரு வார்த்தையாவது கேட்டாங்களா?"

நான் என்ன செய்வேன், சொல். வருகிற வெள்ளிக்கிழமை காலை நீயே நேரில் வருகிறாய் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை உன் எதிர்வீட்டு டீச்சர் பார்ப்பார், அத்தானோடு காலையில் நடைப்பயிற்சி போகிற கூட்டம் முழுக்கப் பார்க்கும், எல்லாரும் வந்து உன்னைப் புகழ்வார்கள், நீ என்ன பதில் சொல்வாய்? அதற்குமுன் எல்லாவற்றையும் உண்மையாக்கிவிட்டால் தொல்லை இல்லை. ஒரு நீலச் சட்டை வாங்கு, முழுக்கை, நாற்பது அளவு போதும், ஊசி வேண்டியிருக்காது. உன் மகள் வீட்டுக்கு மூணு மாடி ஏற முடியாது என்பாய், ஒரு வருஷமாக அந்தக் கட்டடத்து லிஃப்ட் தூங்குகிறது, வீட்டுக்காரர் சாமான் வாங்கித் தரவில்லை. லிஃப்ட்காரன் வீட்டிலேயே லிஃப்ட் ஓடவில்லை என்று நீ சிரித்தது எனக்குத் தெரியும். நான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். நீ என்னைவிட நாலு வயசு மூத்தவள், ஆசீர்வாதம் செய்கிற கை உன்னுடையது. அதில் கொஞ்சம் எனக்கும், மிச்சத்தை மூணாவது மாடிக்கும் எடுத்து வை.

எப்போதும் உன் பேச்சை மீறாத,
தம்பி

பின்குறிப்பு: ஒட்டியும் தபாலில் போடாமல் மூணு நாளாக வைத்திருந்த உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். இப்போதுதான் கைதட்டல் மேஸ்திரி போன் செய்தார். நான் பேசியது நாலு நிமிஷமாம், நேரம் போதவில்லை என்று மொத்தத்தையும் வெட்டிவிட்டார்களாம். நான் வாயைத் திறந்தபடி ரெண்டு விநாடி வருவேனாம். அதனால் டீச்சருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, உனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. வர மனசில்லை என்றால் வர வேண்டாம், நான் போய் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். எப்போதும் எனக்கு ஏதாவது சொல்ல வரும், இந்தத் தடவைதான் ஒன்றும் தோன்றவில்லை. ஏனென்றால் மாப்பிள்ளை எங்கேயோ கழற்றிப்போட்ட பழைய லிஃப்டிலிருந்து சாமான் தேடி எடுத்து வந்து முந்தாநாளிலிருந்து வேலை செய்கிறார், லிஃப்ட் ஓடுகிறது. அத்தை எடை எவ்வளவு இருக்கும் என்று என்னைக் கேட்டார். என் வழக்கப்படி கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அந்த எடைக்குத் தண்ணீர் கேன்களை ஏற்றி நேற்றெல்லாம் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட நடுவில் நிற்கவில்லை.