ஏழுமலை போடாத முடிச்சு

எனக்குப் பேச வரும். அவசியம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் குணத்தால் ஒரு பெண் வீட்டார் "பையனுக்குத் திமிரு" என்று எழுந்து போயிருந்தார்கள். அடுத்து கிளியனூரில் ஓர் இடம் வந்தது. "இதுவும் போச்சுன்னா நான் தேட மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எண்பதுகளின் கடைசி. மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலை எனக்கு. மூட்டையின் வாயைத் தைப்பவன் ஏழுமலை. கோணி ஊசி ஓடும்போது அவன் வாயும் கூடவே ஓடும். தையலில் குறை சொல்ல முடியாது. கடைசியில் முடிச்சுப் போட மட்டும் மறந்துவிடுவான். வாரம் ஒரு மூட்டையாவது என் தலைமேல் திறந்துகொள்ளும். வேர்வை உடம்பில் உப்பு கொட்டினால் எப்படி எரியும் என்று எழுத மாட்டேன். கொட்டியதை அள்ளிக் கட்டுவதும் நான்தான். ஒரு நாளும் அவனிடம் எதுவும் சொன்னதில்லை. (பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனம்.)

ஒரு நாள் காலை, வெள்ளை வேட்டியும் அக்குளில் குடையுமாக ஒருவர் வரப்பில் வந்தார். பெண்ணின் தாய்மாமன். பையன் வேலை செய்யும் இடத்துக்கே சொல்லாமல் வந்து பார்ப்பது வழக்கம்.

"முனுசாமின்னு ஒரு பையன்..."

"நம்ம முனுசாமியா? தங்கம்ங்க. இதோ நிக்கிறான் பாருங்க" என்றான் ஏழுமலை, எனக்கான மூட்டையைத் தைத்துக்கொண்டே. "குடி கெடையாது." ஒரு தையல். "பீடி கெடையாது." ஒரு தையல். "அடிச்சாலும் எதிர்த்துப் பேச மாட்டான்." சணலை அறுத்தான்.

முடிச்சு இல்லை. பார்த்துவிட்டேன். ஒரு சொல் போதும். ஆனால் ஒருவன் நம்மைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது, அதுவும் பெண்ணின் மாமன் எதிரில், "உன் வேலை சரியில்லை" என்று எப்படிச் சொல்வது? தலையைக் கொடுத்தேன்.

மாமன், மாடு பிடிக்க வந்தவர் மாதிரி என் நடையைப் பார்த்தபடி, லாரிக்கு ஏறும் பலகைக்குப் பக்கத்திலேயே வந்தார். பாதிப் பலகையில் மூட்டை வாயைத் திறந்தது. பாதி உப்பு எனக்கு. மீதி அவருக்கு. குடை அக்குளிலேயே இருந்தது.

"கண்ணு, கண்ணு" என்று துடித்தார். ஏழுமலை ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வந்து அவர் முகத்தில் அடித்தான். பாத்தித் தண்ணீர். உப்பாவதற்கு இன்னும் ஒரு வெயில்தான் பாக்கி.

வேறு யாரோ குடிதண்ணீர் கொண்டு வந்தார்கள். கண்ணைத் திறந்ததும் மாமன் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, மூட்டை பிரியுதுன்னு நீயாச்சும் வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

என் வாய் நிறைய உப்பு. வாயைத் தொட்டுக் காட்டினேன். முடியாது என்று கையை ஆட்டினேன்.

அவர் முகம் மாறியது. "அடப் பாவமே" என்றார். என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

உப்பைத் துப்பிவிட்டு ஏழுமலையிடம் முதன்முதலாகக் குறை சொன்னேன். "முடிச்சு."

"எந்த முடிச்சு?" என்றான்.

இடம் போய்விட்டது என்றுதான் இருந்தேன். சம்மதம் என்று ஆள் வந்தது. பெண் பார்க்கப் போனபோது யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாமன் விரல்களைக் குவித்து வாயருகே காட்டினார், சாப்பிடு என்று. கிளியனூர்ப் பழக்கம் போல என்று நானும் தலையாட்டிச் சாப்பிட்டேன். இப்படி மரியாதை தெரிந்த சனத்தை நான் பார்த்ததே இல்லை.

கல்யாணத்தில் தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டேன். அடுத்த முடிச்சுக்கு என் அக்கா கை வைத்தாள். எனக்கு மூட்டை ஞாபகம் வந்துவிட்டது.

"இறுக்கிப் போடுக்கா" என்றேன்.

குனிந்திருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "மாமா, பேசுறாரு" என்றாள், திருடனைக் காட்டிக்கொடுப்பது மாதிரி.

பிறகுதான் தெரிந்தது. "நல்ல ஒழைப்பாளி. பேச்சுதான் வராது" என்று மாமன் வீட்டில் சொல்லியிருக்கிறார். (என் அம்மாவிடம் கேட்டால் மனசு கஷ்டப்படும் என்று யாரும் கேட்கவில்லை.) எல்லோரும் வேண்டாம் என்றபோது பெண், வசந்தாதான், "இந்த வீட்ல பேசுறவங்க போதும். அவரையே பாருங்க" என்றாளாம்.

ஏழுமலை முதல் பந்தியில் உட்கார்ந்து என்னைக் கேட்டான். "நான் ஒழுங்கா முடிச்சு போட்டிருந்தா ஒனக்குக் கல்யாணம் ஆயிருக்குமாடா?"

இப்போதும் நான் சேர்ந்தாற்போல் ரெண்டு வார்த்தை பேசினால் வசந்தா பிள்ளைகளைக் கூப்பிடுவாள். "பேச மாட்டாருன்னு சொல்லி ஏமாத்திக் கட்டி வெச்சிட்டாங்கடா."

இதை எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"பேசுனது பத்தலையா?" என்றாள்.